எழுத்தை மிதித்த வடமலையார்

நெடுங்கரைப் பெருமாள் கோயிலின் வாகன மண்டபத்தில் வௌவால்கள் அடையும். மர யானையின் முதுகிலும் கருடனின் சிறகிலும் எச்சம் விழும். காலையில் அதைத் துடைப்பது வடமலையாரின் வேலை. முதலில் ஈரத்துணி. பிறகு உலர்ந்த துணி. அதன்பின் பல்லக்குத் தண்டுக்கு எண்ணெய் தேய்ப்பார். எல்லாம் முடிந்ததும் பெருமாள் இருக்கும் திசையில் ஒருமுறை விழுந்து எழுவார். "நாளைக்கும் தோள் இருக்கட்டும்" என்பார். வேறெதையும் அவர் வேண்டிக்கொண்டதில்லை.

பெருமாளைத் தோளில் சுமப்பவர்களுக்கு அவ்வூரில் சீர்பாதத்தார் என்று பெயர். பெருமாளுக்கு அவர்களே கால்கள் என்பது கருத்து. வடமலையார் பதினெட்டு வயதில் அவர்களோடு சேர்ந்தார். பின்தண்டின் கடைசி இடம் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அதே இடம்தான். பெருமாள் வீதியுலா போகும் புறப்பாட்டு நாளில் கோயில் கூலியாக ஒரு பட்டை அளவு சோறு உண்டு. அதை அவரும் மனைவி பெருந்தேவியும் பகிர்ந்து உண்டார்கள். பிள்ளைப்பேறு இல்லை. சாகும்வரை அந்தத் தண்டின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய ஆசை.

புறப்பாட்டில் நடைகள் உண்டு. சன்னதியை விட்டுக் கிளம்பும்போது சிங்க நடை. நேர்வீதியில் யானை நடை. தெரு வளையும்போது பாம்பு நடை. இதை யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக் கால் தானே கற்றுக்கொள்ளும்.

கோஷ்டியார் புத்தகம் பார்த்துப் பாசுரம் சொல்லிக்கொண்டு முன்னே போவார்கள். பின்தண்டுக்கு ஓசை வரும், சொல் வராது. படித்தாவது அறியலாம் என்று நாற்பதாம் வயதில் வடமலையாருக்குத் தோன்றியது. மடைப்பள்ளியில் விறகு பிளக்கும் ஆராவமுது நான்கு வகுப்பு படித்தவர். அவர் கரித்துண்டால் தரையில் எழுத்துப் போட்டுக் காட்டினார். வடமலையார் பார்த்தார். மறுநாள் மறந்திருந்தார். பத்து நாள் இப்படிப் போயிற்று.

"உனக்குப் புத்தி தலையில வைக்கல வடமல" என்று சிரித்தார் ஆராவமுது. "கால்ல வச்சிட்டான்."

வடமலையார் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்று மணலுக்குப் போனார். குச்சியால் ஓர் எழுத்தை வீட்டு மனை அளவுக்குப் பெரிதாகக் கீறினார். ஒரு கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் யானை நடை போட்டார். அந்த எழுத்து மறக்கவில்லை. ஓராண்டில் எல்லா எழுத்தும் அவர் காலுக்கு வந்தது. காலிலிருந்து கண்ணுக்கு வந்தது. பாசுரப் புத்தகத்தை இரவல் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு பக்கம் முடிந்ததும் அழுதார்.

சீர்பாதத் தெருப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் முதல் வகுப்பைத் தாண்டியதில்லை. சுமக்கிறவன் பிள்ளைக்கு உட்காரத் தெரியாது என்பார் தலைமையாசிரியர். மூன்றாம் ஆண்டு பெயரை அடித்துவிடுவார். அப்படி அடிபட்ட பிள்ளைகள் ஒன்பது பேர் ஆற்றங்கரையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நாச்சியாள் என்றொரு பெண், எட்டு வயது. முன்தண்டுத் தலைவர் பேராயிரத்தின் மகள்.

வடமலையார் ஒரு மூங்கிலின் நடுவில் செங்கல் ஒன்றைக் கட்டினார். செங்கல்லுக்குச் சிவப்புத் துணி சுற்றினார். முன்னால் இரண்டு பிள்ளைகள், பின்னால் இரண்டு பிள்ளைகள். மணலில் கோடு கீறியிருந்தது.

"இதுதான் சன்னதி. பெருமாள் கிளம்பிட்டாரு."

"எங்க போறாரு?" என்றாள் நாச்சியாள்.

"ஆத்துக்கு. ஒரு ஆமை வழிதெரியாமக் கெடக்குதாம். நேரா இறங்குங்க. யானை நடை. ஆறு வந்தாச்சா? இப்ப கரையோடவே போங்க. ஆமை தெரியுதா?"

"தெரியல மாமா."

"அப்ப அந்தக் கரை ஏறுங்க. ஏறி நில்லுங்க. முட்டி மடக்கி இறக்குங்க. இப்ப நீங்க போய்ட்டு வந்த வழிக்குப் பேரு ப."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மணலில் ப இருந்தது.

"ஆமை என்ன ஆச்சு?"

"அது அடுத்த எழுத்துல இருக்கு."

அடுத்த எழுத்தையும் அன்றே நடக்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தார்கள். அவர் நாளைக்கு என்றார். மறுநாள் அவருக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள்.

எழுத்துக்கு ஒரு கதை. எழுத்துகளை வரிசையாகக் கீறியபோது கதைகள் சேர்ந்து சொல்லாயின. ஒரு நாள் அவர் மடியிலிருந்து பழைய காகிதம் ஒன்றை எடுத்தார். மணலில் நடந்த சொற்கள் அதில் சின்னதாக இருந்தன. "இப்ப கண்ணால நடங்க" என்றார். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படித்தார்கள். சொல் முடியும் இடத்தில் ஒன்பது பேரும் முழங்காலை மடக்கிப் பெருமாளை இறக்கினார்கள்.

ஓராண்டில் ஒன்பது பேரும் பள்ளிக்குத் திரும்பினார்கள். அவர்களைவிடச் சிறிய ஏழு பிள்ளைகள் மணலுக்கு வந்தார்கள். வடமலையார் விடியலில் வௌவால் எச்சம் துடைத்தார். பகலில் மணலுக்குப் போனார். புறப்பாட்டு நாளில் தோள் கொடுத்தார். அவருடைய வாழ்வில் அந்த ஓராண்டு போல வேறொன்று இல்லை.

பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கரும்பலகையில் ஒரு வரி எழுதி நாச்சியாளை எழுப்பினார். அவள் எழுந்து நின்று காலை மாற்றி வைத்தாள். இடுப்பு வளைந்தது. முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. வகுப்பு சிரித்தது.

"என்னம்மா, டான்ஸா?"

"இல்ல சார். புறப்பாடு."

இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு வரியை முடித்தாள். பிழை இல்லை. மற்ற எட்டுப் பேரும் அப்படியே படித்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் மற்றத் தெருப் பிள்ளைகளைக் கேட்டார். பாதிப் பேர் திணறினார்கள்.

"உட்காந்து படிச்சவங்களுக்கு வரல. ஆடிக்கிட்டுப் படிச்சவங்களுக்கு வருதே சார்" என்று தலைமையாசிரியரிடம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார்.

தலைமையாசிரியருக்கு அது வேடிக்கையாக இல்லை. நாச்சியாளை அருகில் அழைத்து அன்பாகக் கேட்டார். அவள் பெருமையோடு எல்லாம் சொன்னாள். மூங்கில், செங்கல், ஆமை, மணல்.

"எழுத்து மேலயா நடப்பீங்க?"

"ஆமா சார். பெருமாளத் தூக்கிக்கிட்டு."

காகிதம் தவறிக் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர் அது. அன்று மாலையே செய்தி கோயில் மணியகாரருக்குப் போயிற்று.

வாகன மண்டபத்தில் விசாரணை நடந்தது. சீர்பாதத்தார் எல்லாரும் நின்றார்கள்.

"எழுத்த மிதிக்கக் கத்துக்குடுத்தியாமே" என்றார் மணியகாரர்.

"ஆமா சாமி."

"செங்கல்லப் பெருமாள்னு சொன்னியாமே."

"பிள்ளைங்க சொல்லுச்சு. நான் வேண்டாங்கல."

"வித்தைய மிதிச்ச கால். அந்தக் காலோட பல்லக்குக்கு வர்றே."

வடமலையார் குனிந்து தம் காலைப் பார்த்தார். "இந்தக் கால்தான் சாமி பெருமாளையும் தூக்குது. அவரத் தூக்கறப்ப சுத்தமா இருக்கிற கால், எழுத்துக்கு மட்டும் எப்படி அசுத்தம்?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வடமலையாருக்கு வினையாயிற்று.

"ரெண்டுல ஒண்ணு" என்றார் மணியகாரர். "மணல விடு. தண்டு உனக்கு. விடலேன்னா நாளையிலேர்ந்து இந்த மண்டபத்துல கால் வைக்காத."

"சின்னப் பிள்ளைங்க பாதியில நிக்குது சாமி. இன்னும் பதினோரு எழுத்து இருக்கு. அத முடிச்சிட்டு விட்டுடறேன்."

"இப்பச் சொல்லு."

வடமலையார் தண்டைப் பார்த்தார். அன்று காலை அவர் பூசிய எண்ணெய் அதில் மின்னியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தண்டின் மேல் வைத்தார். கும்பிட்டார். வெளியே போனார்.

அன்று மாலை பேராயிரம் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"உன் ஒருத்தனால தெருவுல அத்தன பேர் தோளும் போயிடும் வடமல. எம்பொண்ணு இனி மணலுக்கு வந்தா கால ஒடிப்பேன். உன் கால."

மறுநாள் மணலுக்கு யாரும் வரவில்லை. பள்ளியில் முழங்கால் அசைந்தால் பிரம்பு விழுந்தது. பிள்ளைகள் உட்காரக் கற்றுக்கொண்டார்கள். படித்த எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆண்டுத் தேர்வில் ஒன்பது பேரில் ஆறு பேர் தோற்றார்கள். இதைத்தான் அன்றே சொன்னேன் என்றார் தலைமையாசிரியர்.

வீட்டில் பட்டைச் சோறு நின்றது. பெருந்தேவி அயல் வீடுகளில் நெல் குத்தினாள்.

"பெருமாளா பிள்ளைங்களான்னு கேட்டா, பெருமாள்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"பெருமாள் கேக்கலியே. மணியகாரர்தானே கேட்டாரு."

"பேச்சுக்கு ஒண்ணும் குறச்சல் இல்ல" என்றாள். ஆவணியில் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தண்டு திரும்பக் கெடச்சா சொல்லியனுப்புங்க. வர்றேன்" என்றாள். அவர் தலையசைத்தார். சொல்லியனுப்ப அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

வடமலையார் ஆற்றோரம் விறகு பொறுக்கி, அதற்குக் கிடைத்த கஞ்சியைக் குடித்தார். நாள்தோறும் மணலுக்குப் போனார். சின்னப் பிள்ளைகள் மூன்று சுழி ண வரை வந்து நின்றிருந்தார்கள். ஆகவே நாள்தோறும் அந்த ஓர் எழுத்தையே கீறினார். பிள்ளைகள் இல்லாமல் அடுத்த எழுத்துக்குப் போக அவருக்கு மனமில்லை. கீறிவிட்டு வெயில் ஏறும்வரை காத்திருப்பார். பிறகு மூங்கிலின் முன்பக்கத்தைத் தோளில் எடுத்துக்கொண்டு தாமே நடப்பார். கதையை உரக்கச் சொல்லிக்கொண்டு நடப்பார். பின்பக்கத்தைத் தூக்க ஆள் இல்லை. மூங்கிலின் நுனி மணலில் இழுபட்டு வரும். அவர் காலால் நடந்த எழுத்தை அது பின்னாலேயே அழித்துக்கொண்டு வரும்.

ஆற்றில் குளிக்க வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"என்ன வடமல, ஆய்த எழுத்துக்கு எப்படிப் போவீங்க? தவக்களை மாதிரித் தாவித்தாவியா?"

"ஆமாய்யா" என்பார். "மூணு தாவு."

பைத்தியம் முற்றிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. அவர் அதையும் மறுக்கவில்லை.

ஐப்பசி மாதம். கோயிலில் அன்று காலைப் புறப்பாடு. நாகசுர ஓசை ஆறுவரை கேட்டது. சிங்க நடைக்கு வாசிக்கும் மல்லாரி அது. வடமலையார் அந்த ஓசை தீரும்வரை கண்ணை மூடி நின்றார். பிறகு மூங்கிலை எடுத்தார்.

"மூணு வீட்டுல மூணு பிள்ளைங்க அழுவுது" என்று கதையைத் தொடங்கினார். "பெருமாள் மொத வீட்டச் சுத்தி வர்றாரு."

முதல் வீட்டைச் சுற்றத் திரும்பினார். பின்பக்கம் இழுபடும் ஓசை நின்றது. தோளில் அழுத்தம் மாறியது. மூங்கில் நேரானது.

யாரோ பின்தண்டைத் தூக்கியிருந்தார்கள்.

முன்தண்டில் இருப்பவர் இறக்கும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. அது சீர்பாதத்தார் வழக்கம். பின்னால் வருவது பெருமாள். அவரை வேவு பார்க்கக் கூடாது. வடமலையார் திரும்பவில்லை. வந்தது பிள்ளைகளில் ஒன்று என்றே எண்ணினார். கதையை விடாமல் நடந்தார். சுழியில் பின்கால் அரையடி பிந்தியது, புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பிந்துவதுபோல.

"வெளிப்பக்கமா வா கண்ணு. பாம்பு நடையில பின்னால வர்றவங்களுக்கு வழி ஜாஸ்தி."

இரண்டாம் வீட்டில் பிந்தவில்லை. மூன்றாம் வீட்டில் அவர் கால் திரும்புமுன் பின்கால் திரும்பியது. முப்பது ஆண்டுகள் அவர் பின்தண்டில் பெருமாளின் முதுகைப் பார்த்து நடந்தவர். இப்படி ஒரு துணைக்கால் அவருக்கு வாய்த்ததே இல்லை. மேலே ஏறினார்கள். நேராகப் போனார்கள். இறங்கி நின்றார்கள். "முட்டி மடக்கு" என்றார். முட்டி மடங்கியது. செங்கல் மணலைத் தொட்டது.

அவர் திரும்பினார். ஒருவரும் இல்லை.

கரைமேல் நாச்சியாள் நின்றுகொண்டிருந்தாள். சாணி பொறுக்க வந்தவள். கூடையை வைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தாள்.

"மாமா, பின்னால யாரு?"

"நீதான் பாத்திருப்பியே."

"யாருமே இல்ல மாமா. ஆனா மூங்கில் நேரா இருந்துச்சு."

இருவரும் மணலைப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மூங்கில் இழுபட்ட தடம் இருந்தது. முதல் சுழி தொடங்கும் இடத்தில் அது நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு எழுத்து அழியாமல் கிடந்தது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் மணலில் ஒரு முழு எழுத்து.

வடமலையார் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எத்தன சுழி இருக்கு, எண்ணிச் சொல்லு" என்றார்.

"மூணும் இருக்கு."

"ஒண்ணக்கூட விடலியா?"

"விடல மாமா."

"புதுசா வந்த பிள்ளைக்கு மூணு சுழியும் வர்றது கஷ்டம்" என்றார். முகத்தைத் துண்டால் மூட நினைத்தார். துண்டு இல்லை. கைகளால் மூடிக்கொண்டார். நாச்சியாள் பக்கத்தில் உட்கார்ந்து, அழிந்துவிடாதபடி ஓரத்து மணலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் பேராயிரம் புறப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. பட்டைச் சோற்றை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"இன்னைக்கு மாதிரி என் ஆயுசுல பாத்ததில்ல. பெருமாள் பஞ்சு மாதிரி இருந்தாரு. கெழக்கு வீதி திரும்புனதுலேர்ந்து தோள்ல பாரமே இல்ல. தண்டு தூக்குன ஆறு பேரும் அதேதான் சொல்றாங்க. அந்த வடமலயத் தொலச்சோம் பாரு, அதான். பெருமாளுக்கே மனசு லேசாயிடுச்சு."

நாச்சியாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பெருமாள் அங்க இல்லப்பா" என்றாள்.

"என்ன சொன்ன?"

"பல்லக்குல இல்ல. ஆத்துல இருந்தாரு. மாமாவுக்குப் பின்தண்டு புடிச்சாரு. நான் பாத்தேன்."

பேராயிரம் அவளை அறைந்தார். இலை கவிழ்ந்தது. அவள் அழவில்லை. சிதறிய சோற்றைப் பொறுக்கி இலையில் போட்டாள். அவர் மறுபடி கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கிழக்கு வீதி திரும்பியபோது தோள் எப்படி இருந்தது என்பது அவருக்குத்தானே தெரியும். கையை இறக்கினார். "வெளிய சொல்லாத" என்றார்.

அவள் வெளியே சொன்னாள். யாரும் நம்பவில்லை. நம்பக்கூடிய ஆறு பேரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குத் தோள் வேண்டியிருந்தது.

வடமலையார் அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தார். தண்டு திரும்பக் கிடைக்கவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. "நாளைக்கும் தோள் இருக்கட்டும்" என்பதைமட்டும் காலைதோறும் கோயில் இருக்கும் திசையில் விழுந்து எழுந்து சொன்னார். நாச்சியாள் அப்பனுக்குத் தெரிந்தே மணலுக்குப் போனாள். பேராயிரம் தடுக்கவில்லை, அனுமதிக்கவும் இல்லை. அவளோடு சின்னப் பிள்ளைகள் நான்கு பேர் போனார்கள். மிச்சமிருந்த பதினோரு எழுத்தையும் நடந்து முடித்தார்கள். அந்த நான்கு பேர் படித்தார்கள். மற்றவர்கள் படிக்கவில்லை. எண்ணிக்கை அவ்வளவுதான்.

சீர்பாதத்தார் ஒருவர் காலமானால் பெருமாளின் மாலையும் பரிவட்டமும் கோயிலிலிருந்து வரும். கடைசி இடத்துக்காரருக்கும் வரும். வடமலையாருக்கு வரவில்லை. பெருந்தேவி செய்தி கேட்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கோயில் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே, எழுத்தை மிதித்த குற்றத்துக்காக நீக்கப்பட்டார் என்று ஒரு வரி இருக்கிறது. அடித்துத் திருத்த இன்றுவரை யாரும் முன்வரவில்லை.

ஊரார் பெருமாளைச் சுமந்தார்கள். பெருமாள் வடமலையாரோடு சேர்ந்து சுமந்தார். மணலில் அந்த நல்லவர் கால் பட்ட எழுத்தைத் தொட்டு நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.